குட்டி பச்சோந்தி சோர்ந்து கெடக்கா? மருந்து தேடறதுக்கு முன்னாடி கூண்டைப் பாருங்க

போன மாசம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், என் அண்ணன் மவன் போன் பண்றான். "அத்தை, குட்டி வாயைத் தொறந்தது தொறந்தபடியே இருக்கு, கலரு வெளுத்துப் போச்சு, பசி போலன்னு செங்கெரிக் பூச்சி போட்டேன், திரும்பிக்கூட பாக்கல, கொஞ்சம் வந்து பாருங்களேன்"னு சொல்றான், கொரலே உடைஞ்சு போயிருக்கு. பக்கத்து தாமான்தான், அதாவது பக்கத்து குடியிருப்பு, மோட்டரை எடுத்துக்கிட்டு உடனே போனேன். போயி பாத்தா பழைய மீன் தொட்டி, நாலு பக்கமும் கண்ணாடி, மேல மட்டும் வலை, அந்த வலைக்கு மேல 75 வாட் பல்பு எரியுது, அதுக்கும் மேல சீலிங் இல்லாத சிங்க் தகரக் கூரை. உள்ள தெர்மாமீட்டரை வெச்சா 38 டிகிரி காட்டுது. குட்டி தொட்டியோட அடி மூலையில வயித்தைத் தரையில ஒட்டிக்கிட்டு படுத்திருக்கு.

அவன் அக்கறை இல்லாம செஞ்சது இல்ல இது. வித்த கடையில அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க, அவன் பாத்த வீடியோலயும் அப்படித்தான் இருக்கு, ஆனா அந்த வீடியோ எடுத்தவர் வீட்டு சன்னலுக்கு வெளிய பனி பெய்யுது. இங்க மலேசியாவுல, எங்க சுங்கை சிப்புட்ல மத்தியானம் வெளிய 33 டிகிரி. குளிர் நாட்டுக்காரங்க கூண்டுக்குள்ள சூட்டை எப்படி நிறுத்தி வெக்கிறதுன்னு யோசிக்கிறாங்க, நாம அதை எப்படி வெளிய அனுப்புறதுன்னு யோசிக்கணும், இந்த ஒரு வித்தியாசம் புரியாமதான் நம்ம பக்கம் நெறைய குட்டிங்க ஆறு மாசம் தாண்டறதில்ல. நான் ஏழு வருஷமா வளக்குறேன், என்கிட்ட கேட்டு வர்ற பிரச்சினையில முக்காவாசி நோயே இல்ல, கூண்டுதான். அதனால அறிகுறி ஒண்ணொண்ணா எடுத்து, எதை முதல்ல பாக்கணும், எதை மாத்தணும்னு எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வேலியில ஒக்காந்து தலையை ஆட்டுற ஓணானை, மலாய்க்காரங்க சும்பா-சும்பான்னு சொல்றதை, புடிச்சு வந்து பச்சோந்தின்னு கூண்டுல போட்டு வெக்கிற பசங்க உண்டு. அதுவும் கலர் மாறும், ஆனா அது பச்சோந்தி இல்ல, அதை விட்டுடுங்க. பச்சோந்தி இனம் மலேசியாவுல இயற்கையா கெடையாது. கடையில அதிகமா கெடைக்கிற வெய்ல்ட் வகை ஏமன், சவுதி பக்கத்து ஊருங்கள்ல இருந்து வந்தது, பேந்தர் வகை மடகாஸ்கர்ல இருந்து வந்தது. கண்ணு ரெண்டும் கூம்பு மாதிரி வெளிய நீட்டி ஒண்ணு ஒரு பக்கம் இன்னொண்ணு இன்னொரு பக்கம் சுத்தும், வெரலுங்க ரெண்டு கொத்தா சேந்து குறடு மாதிரி கெளையைப் புடிக்கும், வாலு சுருண்டு புடிக்கும். இந்த ரெண்டு வகையுமே சைட்டிஸ்னு சொல்ற வனவிலங்கு வியாபார உலக ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதாவது வெளிநாட்டுல இருந்து பெர்மிட் இல்லாம கொண்டு வரக்கூடாது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தான்ல லைசன்ஸ் பத்தி கேட்டுக்கோங்க, கடையில ரசீதும் பேப்பரும் வாங்கி வெச்சுக்கோங்க. மூணு மாசத்துக்குக் கீழ உள்ள குட்டியை வாங்காதீங்க, ரொம்ப சின்னது நம்ம ஒரு நாள் தப்பைக்கூட தாங்காது.

கையில ரெண்டு சாமான் இருக்கணும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதமும் சேத்து காட்டுறது, அப்புறம் ஒரு நோட்டு. தெர்மாமீட்டரை கூண்டுல மேல், நடு, கீழன்னு மூணு எடத்துல வெச்சு, காலையில 8 மணி, மத்தியானம் 2 மணி, ராத்திரி 9 மணிக்கு எழுதுங்க. மூணு நாள் எழுதினாலே பாதி பதில் அந்த நோட்டுலயே இருக்கும்.

வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கு, ஒடம்பு வெளுத்திருக்கு

மத்தியானம் 12ல இருந்து 4 மணிக்குள்ள நடந்தா சூடுதான், வேற எதையும் யோசிக்காதீங்க. குட்டிக்கு வெயில் காயிற எடம் 28, 29 டிகிரி இருந்தா போதும், மத்த எடமெல்லாம் 24, 26 இருக்கணும். 32 தாண்டினா அதுக்கு ஓடறதுக்கு ஒரு குளிர்ந்த எடம் வேணும், அது இல்லாத கூண்டுலதான் வாயைத் தொறந்து சூட்டை வெளிய விடும், வெயிலை வாங்காம இருக்க ஒடம்பை வெளுப்பாக்கிக்கும்.

அந்த நேரத்துல செய்ய வேண்டியது: பல்பை அணைங்க, கூண்டை வீட்டுலயே குளிர்ச்சியான எடத்துக்கு நகத்துங்க, சாதாரண பைப்புத் தண்ணியை மெல்லிசா பூ மாதிரி தெளிங்க. ஐஸ் தண்ணி ஊத்தாதீங்க, ஒடம்பு அதிர்ச்சி ஆயிடும். சிரிஞ்சுல தண்ணி எடுத்து வாய்க்குள்ள அடிக்காதீங்க, சோர்ந்து கெடக்குறப்ப அது நுரையீரலுக்குள்ள போயிரும். அண்ணன் மவன் குட்டிக்கு இதத்தான் செஞ்சோம், ஹால்ல செம்பருத்தி தொட்டி மேல எடுத்து விட்டு தண்ணி தெளிச்சோம். இருபது நிமிஷத்துல வாயை மூடுச்சு, அப்புறம் கழுத்துப் பக்கம் பச்சை கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்துச்சு, அந்தப் பையன் அதைப் பாத்துக்கிட்டே தரையில ஒக்காந்திருந்தான், எந்திரிக்கவே இல்ல.

நிரந்தரமா மாத்த வேண்டியது கூண்டு. கண்ணாடித் தொட்டி நம்ம ஊருக்கு வேணாம், நாலு பக்கமும் வலை உள்ள உயரமான கூண்டு வேணும். குட்டிக்கு 45 சென்டிமீட்டர் அகலம், 45 ஆழம், 90 உயரம் தாராளம், பெருசானதும் 60, 60, 120 வேணும். இது மரத்துல வாழுற உயிர், அதுக்கு உயரம்தான் முக்கியம். சிங்க் கூரைக்கு நேர் கீழ வெக்காதீங்க, மேக்கு வெயில் அடிக்கிற சுவத்துல சாத்தி வெக்காதீங்க, அந்தச் சுவரு ராத்திரி எட்டு மணி வரைக்கும் சூட்டைக் கக்கும். ஃபேன் நேரா கூண்டு மேல அடிக்காம, ரூம்ல காத்து நகர்ற மாதிரி திருப்பி வெச்சா போதும். சூடு குடுக்குற பல்பு நம்ம வீடுங்கள்ல பல நாள் தேவையே படாது, மழை பெஞ்சு ரூம் 24, 25க்கு எறங்குன காலையில மட்டும் 25, 40 வாட் பழைய வகை பல்பை ஒரு மணி நேரம் போடுங்க. மத்தியானம் எரிய விடாதீங்க. ராத்திரியில செவப்பு பல்பு நீல பல்புன்னு எதுவும் வேணாம், முழு இருட்டு வேணும், வெளிச்சத்துல அதுக்குத் தூக்கம் வராது.

பிப்ரவரி, மார்ச்ல கித்தா மரமெல்லாம், அதான் ரப்பர் மரம், எலை உதிர்த்து நிக்கிற சமயம் ரொம்ப கவனமா இருங்க. தோட்டத்து நெழல் இருக்காது, காத்து அனலா வரும், மத்த மாசம் ஒத்து வந்த எடமே அப்ப 3, 4 டிகிரி கூட காட்டும். எங்க வீட்டுல அந்த ரெண்டு மாசம் கூண்டை முன் ஹால்ல இருந்து நடு ரூமுக்கு மாத்திருவோம்.

ஒடம்பு கறுத்துப் போயிருக்கு

காலையில எந்திரிச்சதும் கறுப்பா இருந்தா பயப்படாதீங்க, வெயிலை ஒடம்புல இழுத்துக்குறதுக்கு அப்படி ஆகும், அரை மணி ஒரு மணி நேரத்துல பழைய கலருக்கு வந்துரும். பதினோரு மணி ஆகியும் கறுப்பாவே இருந்தா ஒண்ணு குளிர் இல்லன்னா பயம். ஏர்கான் காத்து கூண்டு மேல விழுதான்னு பாருங்க. பயம்னா என்ன எதிர்ல இருக்குன்னு அது இருக்குற எடத்துல இருந்து பாருங்க, உங்க கண்ணு உயரத்துல இருந்து இல்ல, அது ஒக்காந்திருக்குற கெளை உயரத்துக்குத் தலையைக் கொண்டு போயி பாருங்க. பூனை சன்னல்ல ஒக்காந்திருக்கலாம், எதிர் சுவத்துல கண்ணாடி இருக்கலாம், டிவி இருக்கலாம். இன்னொரு பச்சோந்தி கண்ணுல படுற மாதிரி இருந்தா அதுவே போதும், ரெண்டு குட்டியை ஒரே கூண்டுல வளக்கவே கூடாது, ஒண்ணு சாப்பிடும் இன்னொண்ணு காஞ்சு போகும்.

கண்ணு உள்ள போயிருக்கு, கழிவுல வெள்ளைக்குப் பதிலா மஞ்சள்

தண்ணி பத்தல. பச்சோந்தியோட கழிவுல கறுப்பு ஒரு பகுதி, வெள்ளை ஒரு பகுதி இருக்கும், அந்த வெள்ளை வெள்ளையா இருந்தா நல்லா குடிக்குதுன்னு அர்த்தம், மஞ்சளோ ஆரஞ்சோ ஆனா தண்ணி கொறைச்சல்.

"கிண்ணத்துல தண்ணி வெச்சிருக்கேனே அக்கா"ம்பாங்க. கிண்ணத்துல நிக்கிற தண்ணி பெரும்பாலும் அதுக்குத் தண்ணியாவே தெரியாது. எலையில தொங்குற சொட்டைத்தான் குடிக்கும். ஒரு நாள் பொறுமையா பாருங்க, செம்பருத்தி எலை நுனியில ஒரு சொட்டு உருண்டு வந்து தொங்குது, வெளிச்சம் அதுல ஆடுது, ஒரு கண்ணு அந்தச் சொட்டுல நிக்குது இன்னொரு கண்ணு என் மேல நிக்குது, நான் அசையாம நின்னா கொஞ்ச நேரத்துல அந்தக் கண்ணும் சொட்டுப் பக்கம் திரும்புது, ஒரு கையை முன்னாடி வெச்சு, ஆடி, நிறுத்தி, மறுபடி ஆடி, மூக்கு நுனியை எலையில தேச்சுக்கிட்டே குடிக்க ஆரம்பிக்குது. நீங்க பக்கத்துல நின்னு பேசிக்கிட்டு இருந்தா கடைசி வரைக்கும் குடிக்காது.

காலையில லைட் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நிமிஷம், சாயந்தரம் லைட் அணைச்சதும் ரெண்டு மூணு நிமிஷம், எலையெல்லாம் நனையிற மாதிரி மெல்லிசா தெளிங்க. பகல்ல ஒரு தடவை சொட்டு வெக்கலாம், பிளாஸ்டிக் கப்ல ஊசியால ஒரு ஓட்டை போட்டு கூண்டு மேல வெச்சா ரெண்டு விநாடிக்கு ஒரு சொட்டு விழும், இருபது நிமிஷம் போதும். ராத்திரியில புகை மாதிரி பனி கெளப்புற மெஷின் நம்ம ஊர்ல தேவையில்ல, நம்ம ராத்திரி காத்துலயே ஈரம் 80க்கு மேல நிக்குது. ஏர்கான் ரூம்ல வெச்சிருந்தா மட்டும் காஞ்சு போகும், அப்ப தெளிக்கிறதைக் கூட்டுங்க.

தெளிக்கிறப்ப கண்ணு திடீர்னு வீங்கி வெளிய துருத்துனா பதறாதீங்க, உள்ள தூசியைக் கழுவிக்குது, கொஞ்ச நேரத்துல சரியாயிரும். மறுநாளும் வீக்கம் அப்படியே இருந்தாதான் பிரச்சினை.

கீழ வழியிற தண்ணி தட்டுல தேங்கும், அதை தெனமும் கொட்டி கழுவணும். இதைச் சும்மா சொல்லல, நம்ம ஊர்ல ஏடிஸ் கொசு ஒரு வாரத்துலயே அதுல உற்பத்தியாகி வெளிய வந்துரும், சுகாதார இலாகா சோதனைக்கு வந்து புழுவைப் பாத்தா 500 வெள்ளி வரைக்கும் கம்பவுண்ட் போட முடியும். காசு ஒரு பக்கம், பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு டெங்கி வந்துரக்கூடாது.

பகல்ல கண்ணை மூடிக்கிட்டு இருக்கு

இதுதான் எனக்கு ரொம்ப பயம் குடுக்குற அறிகுறி. நல்லா இருக்குற பச்சோந்தி பகல்ல தூங்காது. ஒரு கண்ணு மட்டும் மூடியிருந்தா தூசியோ செதிலோ ஒட்டியிருக்கலாம், மெல்லிசா தண்ணி நெறைய நேரம் தெளிச்சுப் பாருங்க. ரெண்டு கண்ணும் மூடியிருந்தா முதல்ல சூடு, அடுத்தது தண்ணி, மூணாவது லைட், இந்த வரிசையில சோதிங்க. வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரைத் தர்றது யூவிபி பல்பு, அதுல சின்னதா சுருள் மாதிரி வர்றதை ரொம்ப கிட்டத்துல வெச்சிருந்தா கண்ணு எரிஞ்சு மூடிக்கும். இந்த மூணும் சரியா இருந்தும் ஒரு நாள் முழுக்க மூடியே இருந்தா காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட கொண்டு போங்க.

வலையில ஏறுது எறங்குது, தரையிலயே நடந்துக்கிட்டு இருக்கு

வெளிய போக வழி தேடுதுன்னு அர்த்தம், ஏன்னா உள்ள ஒளிய எடமில்ல. கடையில வாங்குன ஒரு பிளாஸ்டிக் கொடியைச் சுத்தி விட்டு கூண்டு ரெடின்னு நெனைக்கிறாங்க. குட்டி முழுசா மறைஞ்சு போற அளவுக்கு எலை வேணும், நீங்க வந்து தேடணும், தேடி கண்டுபிடிக்கணும், அப்படி இருந்தாதான் அது நிம்மதியா வெளிய வந்து ஒக்காரும். செம்பருத்தி, மணிபிளான்ட், ஃபைகஸ், ஷெஃப்லேரா எல்லாம் நம்ம ஊர்ல தானா வளருது. வெய்ல்ட் வகை எலையையும் கடிச்சுத் தின்னும், அதனால பூஜைக்கு வெச்சிருக்குற அரளியை கிட்டயே கொண்டு வராதீங்க, அது விஷம். நர்சரியில வாங்குன செடி மேல மருந்து அடிச்சிருப்பாங்க, எலையை ரெண்டு பக்கமும் கழுவி, பழைய மண்ணை உதறிட்டு வேற மண்ணுல நட்டு, ரெண்டு வாரம் வெளிய வெச்சு மழையில நனைய விட்டுட்டு அப்புறம் உள்ள வைங்க. தொட்டி மண்ணு மேல பெரிய கூழாங்கல்லு பரப்பிடுங்க, இல்லன்னா நாக்கு நீட்டி பூச்சி புடிக்கிறப்ப மண்ணையும் முழுங்கிரும். கூண்டோட தரை வெறுமையா இருக்கட்டும், தேங்கா நார், மரத்தூள் எதுவும் வேணாம்.

கெளைங்க குறுக்க ஓடணும், பென்சில் தடிப்புல கொஞ்சம், அதைவிட தடிப்புல கொஞ்சம், அது வெரலு சுத்திப் புடிக்கிற அளவுக்கு. கொய்யாக் கெளை நல்ல புடிப்பு குடுக்கும். கூண்டை தரையில வெக்காம மேசை மேல வெச்சு, அதோட தலை நம்ம தலைக்கு மேல இருக்குற மாதிரி பண்ணிட்டா பாதி பயம் போயிரும்.

இன்னொண்ணு, நாலஞ்சு மாசம் ஆன பெண் குட்டி தரையைத் தோண்டிக்கிட்டு அலைஞ்சா அது முட்டை போட எடம் தேடுது. ஆண் இல்லாமலே முட்டை போடும். ஒரு அடி ஆழத்துக்கு கழுவுன மணலை லேசா ஈரமாக்கி ஒரு டப்பாவுல வைங்க, சுத்தித் துணி போட்டு மறைச்சு விடுங்க, எட்டிப் பாக்காதீங்க. முட்டை உள்ளயே தங்கிட்டா உயிருக்கே ஆபத்து. ஆணா பெண்ணான்னு தெரியலன்னா பின்னங்கால் குதிகாலைப் பாருங்க, வெய்ல்ட் ஆணுக்கு பொறந்ததுல இருந்தே அங்க சின்ன மொட்டு இருக்கும்.

நாக்கு எட்டல, கெளையில கை நடுங்குது, காலு வளையுது

செங்கெரிக் எதிர்ல நிக்குது, கண்ணு ரெண்டும் முன்னாடி சேருது, வாயைத் தொறந்து நாக்கு நுனியை வெளிய கொண்டு வருது, அப்புறம் நாக்கு பாதி தூரம் போயி தொப்புன்னு விழுது. ஒடம்பைவிட நீளமா பாய வேண்டிய நாக்கு அது. அதோட கை நடுக்கமும் சேந்திருந்தா எலும்பு மெலிஞ்சுக்கிட்டு வருது, சுண்ணாம்புச் சத்து ஒடம்புல சேரல. தாடை ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்குறது, முழங்கை வில்லு மாதிரி வளையறது எல்லாம் அடுத்த கட்டம். வளைஞ்ச எலும்பு நேராகாது, ஆனா அதுக்கு மேல போகாம நிறுத்தலாம். அதனால நடுக்கத்தைப் பாத்த அன்னிக்கே எறங்குங்க.

காரணம் ரெண்டு. ஒண்ணு யூவிபி வெளிச்சம் இல்ல. வீட்டுல எரியற சாதாரண டியூப் லைட்டும் எல்.இ.டியும் அது தராது, சன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயிலும் தராது, கண்ணாடி அதைத் தடுத்துரும். நீட்டு டியூப், டி5 வகை, 5 இல்லன்னா 6 சதவீதம்னு போட்டிருக்கும், அதைக் கூண்டு மேல வெச்சு அது ஒக்கார்ற கெளையில இருந்து ஒரு 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்குற மாதிரி பாத்துக்கோங்க. காலையில 7, சாயந்தரம் 7, டைமர் போட்டுட்டா மறதி இருக்காது. வெளிச்சம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும் ஆனா யூவிபி தீந்து போயிருக்கும், அதனால வருஷம் ஒரு தடவை டியூபை மாத்துங்க, மாட்டுன தேதியை டியூப் மேலயே எழுதி வைங்க.

நம்மகிட்ட எந்தக் கடையிலயும் விக்காத ஒரு லைட் இருக்கு, காலை வெயில். 8 மணியில இருந்து ஒன்பதரைக்குள்ள இருபது நிமிஷம், வலைக் கூண்டோட வெளிய, பாதி நெழல் பாதி வெயில்ல வைங்க, நீங்க பக்கத்துலயே நாற்காலி போட்டு ஒக்காருங்க. காக்கா வரும், பூனை வரும், போன் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா வெயிலும் நகர்ந்துரும். கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வெச்சா பத்து நிமிஷத்துல வெந்து போயிரும், அது மட்டும் வேணவே வேணாம்.

ரெண்டாவது காரணம் சாப்பாட்டுல கால்சியம் பவுடர் இல்லாதது. டி3 இல்லாத வெறும் கால்சியம், தெனமும் பூச்சி மேல லேசா மாவு தூவுன மாதிரி. டி3யும் விட்டமினும் கலந்த பவுடர் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். நல்லதுன்னு தெனமும் அதைப் போட்டா தொண்டைக்குக் கீழ, கழுத்துப் பக்கம் நீர் கோத்த மாதிரி பை பையா வீங்கும், அப்படி ஆச்சுன்னா முதல்ல அந்தப் பவுடரை நிறுத்துங்க, பூச்சிக்குக் குடுக்குற சாப்பாட்டையும் பாருங்க.

சாப்பிட மாட்டேங்குது

ஒரு நாள் சாப்பிடலன்னா தோலு உரிக்கிற சமயமா இருக்கலாம், குட்டிக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை உரியும், தாளு தாளா தானா விழும், நம்ம இழுக்கக் கூடாது. வெரல்லயோ வால் நுனியிலயோ வளையம் மாதிரி தங்கிட்டா தண்ணி தெளிச்சு ஊற விடுங்க, இல்லன்னா ரத்த ஓட்டம் நின்னு வெரல் கறுத்து விழுந்துரும்.

பூச்சி அளவு பாருங்க, குட்டியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள அகலத்தைவிட பெருசா போடாதீங்க. ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு சின்ன செங்கெரிக், காலையில. சாயந்தரத்துக்குள்ள தின்னாததை எடுத்துருங்க, ராத்திரியில தூங்குற குட்டியோட தோலை அதுங்க கடிக்கும். பறவைக் கடையில வாங்குன செங்கெரிக்கை அப்படியே போட்டா வெறும் ஓடுதான், ஒரு நாள் முழுக்க அதுக்கு முருங்கை எலை, பூசணி, கேரட், பப்பாளி குடுத்து வயித்தை நெறைச்சுட்டு அப்புறம் போடுங்க. முருங்கை எலையில சுண்ணாம்பு நெறைய இருக்கு, நம்ம வேலி ஓரத்துலயே கெடைக்குது.

தோட்டத்துக்குள்ள போயி வெட்டுக்கிளி புடிச்சுட்டு வந்து போடாதீங்க. எங்கப்பா பால் மரம் வெட்டுனவரு, காலையில பேர் கூப்பிடுற பெரட்டு முடிஞ்சு மருந்து டின்னை முதுகுல மாட்டிக்கிட்டு புல்லுக்கு அடிக்கப் போறவங்களை நான் சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன், செம்பனையிலயும் அதான். அந்தப் புல்லைத் தின்ன பூச்சி உயிரோடதான் இருக்கும், பாத்தா நல்லாதான் இருக்கும், உங்க குட்டிக்குள்ள போனப்புறம்தான் தெரியும். வீட்டுப் பல்லியையும் குடுக்காதீங்க, அது ஒடம்புல இருக்குற புழு இதுக்கு வந்துரும். கழிவு தண்ணியா, கெட்ட வாடையோட வந்தா ஒரு சின்ன டப்பாவுல எடுத்து அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, புழு இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல பாத்து சொல்வாங்க.

மூச்சுல சத்தம், மூக்கை மேல தூக்கிக்கிட்டு இருக்கு

சூட்டுக்கு வாய் தொறக்குறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. இது காலையில குளிர்ந்த நேரத்துலயும் வரும், டிக் டிக்னு சத்தம், வாய் ஓரத்துல நுரை, ஒட்டுற மாதிரி எச்சில். நுரையீரல்ல கிருமி போயிருக்கு. கூண்டு பகல் முழுக்க ஈரமாவே, காத்து இல்லாம இருந்ததுதான் பெரும்பாலும் காரணம். "ஈரம் வேணும்னு சொன்னாங்களே"ன்னு மணிக்கொரு தரம் தெளிப்பாங்க, எலை காயவே காயாது, மூலையில பூஞ்சை வந்துரும். ராத்திரி ஈரம், பகல்ல காயணும், அந்த ரெண்டும் மாறி மாறி வரணும். இந்த அறிகுறிக்கு வீட்டு வைத்தியம் கெடையாது, நம்ம மாத்திரையைப் பொடி பண்ணிக் குடுக்காதீங்க, டாக்டர்தான்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னிக்கு திடீர்னு துவண்டு கெடக்கு

வீட்டுல நேத்து என்ன புகைஞ்சுச்சுன்னு யோசிங்க. கொசுவத்தி, சாம்பிராணி, ஏரோசோல், பக்கத்துல குப்பை எரிச்சது. டெங்கி கேஸ் வந்துட்டா தாமானுக்கு ஃபாகிங் அடிக்க வருவாங்க, அந்தப் புகை கொசுவுக்கு மட்டும் இல்ல, இதுக்கும் ஆகாது. அறிவிப்பு வந்ததும் கூண்டையும் செங்கெரிக் டப்பாவையும் தூக்கிட்டு வேற தெருவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருங்க, திரும்பி வந்து செடியோட எலையெல்லாம் கழுவிட்டு உள்ள விடுங்க. புகைமூட்டம் வர்ற மாசத்துல காத்துத் தூய்மைக்கேட்டு அளவு 100 தாண்டினா சன்னலைச் சாத்துங்க, வெளிய வெயிலுக்குக் கொண்டு போக வேணாம்.

எறும்பு இன்னொரு எமன். ராத்திரி தூங்குற குட்டியை செவப்பெறும்பு மொய்ச்சா காலையில உயிர் இருக்காது. எங்க பாட்டி லயத்து வீட்டுல சாப்பாட்டு அலமாரியோட நாலு காலையும் தண்ணி கிண்ணத்துல நிறுத்தி வெச்சிருப்பாங்க, அதே முறைதான், ஆனா வெறும் தண்ணி வெக்காம சோப்புத் தண்ணி வைங்க, கொசு முட்டை போடாது. வயர் ஒண்ணும் சுவத்துல ஒட்டாம பாத்துக்கோங்க, எறும்பு அந்த வழியாவும் வரும்.

டாக்டர்கிட்ட போறப்ப

எல்லா மிருக கிளினிக்லயும் பச்சோந்தி பாக்க மாட்டாங்க, நம்ம பக்கத்துக்கு ஈப்போ இல்லன்னா பினாங்கு போகணும், முன்னாடியே போன் பண்ணி ஊர்வன பாப்பீங்களான்னு கேட்டு நம்பரை நல்லா இருக்குறப்பவே எழுதி வைங்க. பகல் முழுக்க கண்ணு மூடியிருக்கு, கெளையில இருந்து விழுது, மூச்சு சத்தம், மூணு நாளா சாப்பிடல, முட்டை போட முடியாம துவளுது, இதுல எதுவா இருந்தாலும் நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. பச்சோந்தி நோயை மறைச்சு வெக்கிற உயிர், நம்ம கண்ணுக்குத் தெரியிறப்ப அது ரொம்ப நாளா தாங்கிக்கிட்டு இருந்திருக்கும். அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க, கூண்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க.

தொட்டதுக்கு அப்புறம் சோப்பு போட்டு கை கழுவுங்க, ஊர்வனங்ககிட்ட சல்மனெல்லா கிருமி இருக்கும், அஞ்சு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்களைத் தொட விடாதீங்க.

அண்ணன் மவன் இப்ப வலைக் கூண்டு மாத்திட்டான், நடு ரூம்ல, ரெண்டு செம்பருத்தி ஒரு மணிபிளான்ட். நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு போட்டோ அனுப்பியிருந்தான், கெளை 28, கீழ 26. படத்துல குட்டியைக் காணோம், எங்கடான்னு கேட்டேன், "உள்ளதான் இருக்கு அத்தை, எலைக்குப் பின்னாடி, நானும் தேடித்தான் பாத்தேன்"னான்.